வலியுல்லா மூடிய கதவுகள்

வலியுல்லா பாயைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் மயிலாப்பூரில் பார்த்ததில்லை. இங்கே பயந்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் யோசித்துத்தான் சொல்கிறேன். கச்சேரி ரோட்டுச் சந்து ஒன்றில் வீடு. காஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போவார், திரும்பி வந்து மறுபடி திருகிப் பார்ப்பார். லிஃப்டில் ஏற மாட்டார். பறக்கும் ரயிலில் கடைசிப் பெட்டியில் உட்கார மாட்டார். கழன்றுகொண்டால் என்ன செய்வது என்பார். மழை வந்தால் மின்கம்பம், வெயில் வந்தால் மயக்கம், பஸ் ஓடினால் விபத்து, நின்றால் பிரேக் கோளாறு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

இப்படி ஒருவரைப் பார்த்தால், சின்ன வயதில் ஏதோ நடந்திருக்கும் என்று நாம் கதை தேடுவோம். நானும் தேடினேன். அவர் மனைவி சகினா சிரித்துவிட்டார்.

"ஒண்ணும் நடக்கலம்மா. எங்க மாமியா சொல்வாங்க, பொறக்கும்போதே கைய இறுக்கி மூடிக்கினுதான் பொறந்தாராம்."

எல்லாக் குழந்தையும் அப்படித்தான் பிறக்கும் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன். சிலருக்குப் பயம் பிறவிச் சொத்து, அவ்வளவுதான்.

அந்த மனிதருக்கு வாய்த்த உத்தியோகம்தான் வேடிக்கை. ரயில்வேயில் வேகன் பரிசோதிக்கிற பிரிவு. கூட்ஸ் வண்டி யார்டைவிட்டுக் கிளம்பும் முன் என்ஜினிலிருந்து கார்டு வண்டி வரை நடக்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்தையும் சுத்தியலால் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்லது, பொத்தென்றால் விரிசல். அச்சு முனை உட்கார்ந்திருக்கிற பெட்டியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும். அந்தக் காலத்து நாலு சக்கர வேகன்களில் எண்ணெயில் ஊறின பஞ்சுதான் அச்சைக் காப்பாற்றியது. பஞ்சு காய்ந்தால் அச்சு பழுத்து, ஓட்டத்திலேயே முறியும். மற்ற இடத்தில் வியாதி என்று சொல்லப்படுகிற பயம் அங்கே திறமை ஆயிற்று. பயந்து பயந்து பார்த்தே பாய் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார். சுத்தியல் சத்தமும் என்ஜின் சத்தமும் காதை மட்டும் பாதி வாங்கிக்கொண்டன.

கதவு விஷயத்தில் அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூரை போட்ட மூடு வேகனின் கதவு இரண்டு பாதியாக வெளிப்பக்கம் திறக்கும். திறந்தபடி வண்டி ஓடினால் விரிந்து அடிக்கும். சிக்னல் கம்பமோ, பிளாட்பாரத்தில் நிற்கிற ஆளோ, எது வேண்டுமானாலும் அடிபடலாம். அதனால் திறந்த கதவைக் கண்டால் யார் வேலை என்று கேட்கக் கூடாது. உள்ளே ஒரு பார்வை, மூடு, கொண்டியை மாட்டு, பின்னைச் செருகு, ஒரு தட்டு. கதவு மூடியிருந்தால் யாரோ உள்ளே பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதை மறுபடி திறந்து பார்க்கிற வழக்கம் கிடையாது.

இனி நான். என் பெயர் விசாலாக்ஷி. தி.நகர் கட்டட கம்பெனிகளுக்கு அடுக்குமாடி மாடல் செய்து கொடுப்பது பிழைப்பு. பழைய கூட்ஸ் வேகன்களைச் சின்னதாகச் செய்வது பைத்தியம். ரயில் மாடல் செய்கிறவர்களில் பாதிப் பேர் மகாராஜா போன சலூன், வைஸ்ராய் போன சலூன் என்று செய்துகொண்டிருந்தார்கள். நம் ஆத்து அரிசியும் உப்பும் வந்த பெட்டியைச் செய்ய ஒரு மனுஷி இல்லையா என்ற வீம்பில் ஆரம்பித்தேன். மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைப் பின்னாலிருந்து ஊசியால் குத்தினால் முன்னால் ரிவெட் தலைகள் எழும்பும். செங்கல் பொடியைத் தூரிகையில் தொட்டுத் தடவினால் துரு. ஒரு வேகனுக்கு மாதக்கணக்கில் ஆகும். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்கிறேன்.

நந்தனத்தில் ஒரு ஹாலில் மாடல் ரயில் கண்காட்சி நடந்தது. எழும்பூர் தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் இருந்த காலத்து மூடு வேகன் ஒன்றை வைத்திருந்தேன், கதவு திறந்தபடி. கீலுக்குப் பித்தளைக் கம்பியை முடி அளவுக்கு இழைத்திருந்தேன். வெள்ளைத் தாடியோடு ஒருவர் வந்து குனிந்தார். 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்ததை அவர் கண் பார்த்திருக்கும், கை பார்க்கவில்லை. ஒரு விரலால் கதவை அழுத்தி மூடினார். கீல் டிக்கென்று போயிற்று.

"என்ன பண்றேள்!" என்று நான் போட்ட கத்தலில் ஹாலே திரும்பியது.

"தொறந்து கீதேம்மா..." என்றார். முகத்தில் நிஜமான பீதி.

"இது பொம்மை பாய்! எங்கேயும் போகாது!"

"தெரியுதும்மா. கை போய்டுச்சி."

மறுநாள் பாய், சகினா செய்த தம்ரோட் இனிப்பை டப்பாவில் கொண்டுவந்து, முட்டை போடவில்லை என்று பல தடவை சொல்லிக் கொடுத்தார். கோபத்தை எவ்வளவு நேரம்தான் வைத்துக்கொள்வது? அன்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள் என் ஆத்துக்கு வந்து உட்காருவார். பிளேடைத் தொட மாட்டார், பசையை முகர மாட்டார். செங்கல் பொடி மட்டும் இடித்துத் தருவார், அதுவும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

போன சித்திரையில் ஒரு சேதி வந்தது. அடையாறில் காபிக் கடை வைத்திருக்கும் சித்தார்த்தன் என்பவர் பழைய மீட்டர் கேஜ் மூடு வேகன் ஒன்றை ஏலத்தில் எடுத்துப் பெருங்குடியில் தன் காலி மனையில் நிறுத்தியிருக்கிறார், சீக்கிரம் வெட்டிக் கடையாக மாற்றப் போகிறார் என்று. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவு திறந்த வேகன் செய்கிறவள் உள்ளேயும் செய்தாக வேண்டும். உள் அளவு எந்தப் படத்திலும் கிடைக்காது. சித்தார்த்தனிடம் அனுமதி வாங்கினேன். பாயையும் அழைத்தேன். வேண்டாம், பாம்பு இருக்கும் என்றார். பிறகு என்னைத் தனியாக அனுப்பப் பயந்து கூடவே வந்தார்.

மனை ஓ.எம்.ஆரை ஒட்டியது. பக்கத்தில் மெட்ரோ தூணுக்குத் துளை போடுகிற மெஷின் பூமியையே ஆட்டிக்கொண்டிருந்தது. குப்பைக் கிடங்குப் பக்கமிருந்து புகை நாற்றம். ஒரு மூலையில் வாட்ச்மேன் குடிசை. அவர் ஊருக்குப் போயிருந்தார், மனைவி கெங்கம்மா மட்டும் இருந்தாள். நடுவில் கட்டடத்துக்காகத் தோண்டிப் பாதி நீர் நின்ற ஒரு பள்ளம். அதைத் தாண்டி இரண்டு துண்டுத் தண்டவாளத்தின் மேல் வேகன். ஒரு பக்கக் கதவை லாரியில் ஏற்றும்போது வெல்டிங் வைத்து அடைத்துவிட்டார்கள். இந்தப் பக்கக் கதவு திறந்திருந்தது.

உள் அளவும் வெளி அளவும் எடுத்து முடித்தோம். தூசியில் கெட்டுவிடும் என்று பாய் தன் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். "கெங்கம்மாகிட்ட தண்ணி வாங்கிண்டு வரேன்" என்று கையால் ஜாடை காட்டிவிட்டுப் புறப்பட்டேன். அவர் மறுபக்கம் குனிந்து அச்சுப் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருஷமாக ஓடாத வண்டியின் அச்சு சுடுகிறதா என்று! பாதி வழியில், உள்ளே ஒரு மூலை அளவு விட்டுப்போனது நினைவு வந்தது. திரும்பி வந்து, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஏறினேன். பாயிடம் சொல்லவில்லை. ஒரு நிமிஷ வேலைதானே.

கதவு நடுவில் இருக்கும். நான் கோடி மூலையில், இருட்டில், வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குத்துக்காலிட்டு ஸ்கேலை வைத்திருந்தேன். முதலில் பாதி வெளிச்சம் போயிற்று. காற்று என்று நினைத்தேன். அப்புறம் மீதியும் போயிற்று. இரும்பில் கொண்டி விழுகிற அதிர்வு உள்ளங்காலில் தெரிந்தது. பிறகு கல்லால் ஒரு தட்டு.

டார்ச்சைத் துப்பிவிட்டு "பாய்!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. துளை மெஷின் அத்தனையையும் விழுங்கிற்று. கதவை இரண்டு கையாலும் அறைந்தேன். உள்ளங்கை பொரிந்துவிடும் போல் இரும்பு சுட்டது. போன் கைப்பையில், கைப்பை வெளியே.

அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முதலில் வந்தது பயமே இல்லை, கோபம். கிழவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். வியர்வை கண்ணுக்குள் இறங்கி, மூச்சு சின்னதாக ஆன பிறகுதான் பயம் வந்தது. வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். பழைய உப்பும் சாக்கும் கலந்த நாற்றம் அடித்தது. இந்தப் பெட்டியைச் செய்தவன், உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்று புரிந்தது. உள்பக்கம் ஒரு கைப்பிடி இல்லை, ஒரு கொக்கி இல்லை. நெல் மூட்டைக்கு எதற்குக் கைப்பிடி?

ஒரு ரிவெட் கழன்று போன ஓட்டையில் வெளிச்சம் தெரிந்தது. கண்ணை வைத்தேன். பாய் என் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். திருட்டுப் போய்விடுமாம்! குடிசைக்குப் போனார், நான் அங்கே இல்லை. வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். அடுத்து அவர் பார்வை நேரே அந்தத் தண்ணீர்ப் பள்ளத்துக்குப் போனதை நான் பார்த்தேன்.

ஓடினார். அந்த வயதில், அந்த வெயிலில், வழுக்குகிற விளிம்பு வரை ஓடி மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். நீச்சல் தெரியாதவர், கடற்கரையில் கால் நனைக்கவே மாட்டார். "அம்மா! அம்மா!" என்று வாய் அசைந்தது. கெங்கம்மா ஒரு கழியைக் கொண்டுவந்து தண்ணீரைக் குத்தினாள். இரண்டு பேருமாக என் பிணத்தைத் தேடினார்கள். நான் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் இங்கேதான் இருக்கேன் என்று கதறினேன், அறைந்தேன், உதைத்தேன். பாய் ரோட்டுக்கு ஓடினார், திரும்பினார், வேகனுக்கு அடியில் குனிந்து பார்த்தார். என் காலுக்கு நேர்க் கீழே அவர் தலை. நிமிர்ந்து, வேகன்மேலேயே ஒரு கையை ஊன்றி மூச்சு வாங்கினார். அப்புறம் மறுபடி பள்ளத்துக்குப் போனார். எல்லா இடத்தையும் பார்த்தார், மூடிய கதவை மட்டும் பார்க்கவில்லை.

குரல் போய்விட்டது. சாகப் போகிறோம் என்று தோன்றியது. அதுவும் இப்படி அசட்டுத்தனமாக. என் ஊதாத் துப்பட்டாவின் ஒரு நுனியைப் பென்சிலால் குத்தி அந்த ஓட்டை வழியாக வெளியே தள்ளினேன். கொஞ்சம் போயிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அதற்கப்புறம் எனக்குச் சரியாக நினைவில்லை.

பிறகு நடந்தது கெங்கம்மா சொன்னது. அவள்தான் பார்த்து, பாயின் காதோடு வாயை வைத்துக் கத்தியிருக்கிறாள்.

"நைனா, பொட்டில இருந்து ஒரு ஊதாத் துணி வெளிய வருது பாரு."

"பழைய துணி எதுனா இருக்கும்மா. பொட்டி மூடி கீது."

"மூடிகினா இன்னா? தொறந்து பாக்கலாம்ல?"

"மூடி இருந்தா உள்ள ஆள் இல்லன்னு அர்த்தம். நான்தானே மூடினேன்..."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டாராம். பின்னை இழுக்கப் போனவருக்கு விரல் கூடவில்லை. கெங்கம்மா அவரைத் தள்ளிவிட்டுக் கல்லால் கீழிருந்து தட்டிப் பின்னைக் கழற்றினாள். வெளிச்சமும் காற்றும் என் முகத்தில் விழுந்தன. ஒரு குடம் தண்ணீரை என் தலையில் அப்படியே கவிழ்த்தாள். அந்த அம்மாளுக்கு நான் என்ன கைம்மாறு செய்வது?

பாய் அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. என் கைப்பையை அணைத்தபடி மண்ணில் உட்கார்ந்திருந்தார். ரயிலில் வரும்போதும் அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. நான்தான், "சொல்லாம ஏறினது என் தப்பு பாய், விடுங்கோ" என்றேன். அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை.

எனக்குச் சில நாள் ராத்திரி விளக்கு எரிய வேண்டியிருந்தது. அப்புறம் சரியாகிவிட்டது. சகினாதான் போன் செய்தார்.

"சாப்புட மாட்டேங்கிறாரும்மா. தூங்க மாட்டேங்கிறாரு. எத்தையோ விரல் வுட்டு எண்ணிக்கினே கீறாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க."

போனேன். காது மெஷினை மாட்டிக்கொண்டு, கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"உள்ள இருந்து கத்தினீங்களாம்மா?"

"கத்தினேன். எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே பாய், இன்னும் எதுக்கு?"

"உங்களுக்காக இல்லம்மா." சகினா அந்தப் பக்கம் போகும் வரை பொறுத்திருந்தார். "காலி வேகன்ல ஆளுங்க ஏறிப் படுப்பாங்க. மழை வந்தா பிச்சைக்காரங்க. ஊட்ட வுட்டு ஓடியாந்த புள்ளைங்க. டிக்கெட் இல்லாதவன். நான் எத்தினி பேர எறக்கி வுட்டுக்கீறேன். அதெல்லாம் பாத்ததால எறக்கினேன். பாக்காம மூடினது எத்தினி? அன்னிக்கு உங்கள மூடும்போது நான் உள்ள பாத்தேனா? பாக்கல. கை மூடிடுச்சி. அப்ப இத்தினி வருசமா கை மூடிச்சா, கண்ணு பாத்துச்சா?"

வேகனுக்குள் இருந்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

"அப்படி ஏதாவது நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும் பாய்."

"காலி வண்டி எங்கியோ போவும், எந்த சைடிங்லயோ நிக்கும். தொறந்தவன் என்னாண்ட வந்து சொல்லுவானா?"

பேச்சை எப்படித் திருப்பினாலும் அங்கேயே வந்து நின்றார். கடைசியில் ஒன்று கேட்டார். வேகனை வெட்டுவதற்குள் அவரை அதில் வைத்து மூட வேண்டும். அவர் கத்துவார். காது நன்றாக இருக்கிற நான் வெளியே நின்று, கேட்கிறதா என்று சொல்ல வேண்டும். கேட்கும் என்றால், யாராவது இருந்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். அப்புறம் தூங்கிவிடுவாராம். லிஃப்டில் ஏறாத மனிதர் கேட்கிறார்! முடியாது என்றேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

காலை வேளையாகப் பார்த்துப் போனோம். துளை மெஷின் ஓடும்போதுதான் மூட வேண்டும் என்றார்; யார்டில் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்குமாம். உள்ளே ஏறக் கெங்கம்மா கை கொடுத்தாள். அவர் உதடு எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

"கொண்டிய மாட்டி பின்ன போட்டுடுங்கம்மா. அப்பத்தான் சரியா இருக்கும்."

என் கையாலேயே மூடினேன். பின்னைப் போட்டேன், தட்டவில்லை. காதை இரும்பில் ஒட்டவைத்தேன். மெஷினின் அதிர்வு மட்டும் பல்லில் ஏறிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், வேறு இடத்தில் காதை மாற்றி வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. நான் அவ்வளவு கத்தினதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தெரிந்தது. யார் நின்றிருந்தாலும், எந்தக் காதோடு நின்றிருந்தாலும், ஒன்றும் கேட்டிருக்காது. பேசி வைத்த நேரம் ஆகும் முன்னாலேயே பின்னைப் பிடுங்கிக் கதவைத் திறந்தேன். என்ன சொல்வது என்று அதற்குள் முடிவு செய்திருந்தேன்.

பாய் நடுவில் நின்றிருந்தார். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"கேட்டுச்சாம்மா?"

"நன்னா கேட்டுது பாய். ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்" என்று தலையை ஆட்டிக்கொண்டே உரக்கக் கத்தினேன்.

கெங்கம்மா தோளைப் பிடித்து அவரைக் கீழே இறக்கினாள். சட்டைப் பையிலிருந்து காது மெஷினை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டார். என்னை ரொம்ப நேரம் பார்த்தார். அதில் கோபம் இல்லை.

"எனக்குக் குரலே வரலம்மா. வாயத் தொறந்துக்கினு நின்னேன். பயத்துல ஒரு சத்தமும் வரல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துளை மெஷின் நின்றது. டீ நேரமோ என்னவோ, திடீரென்று அந்த இடமே அமைதியாகிவிட்டது. அவர் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"அப்ப, கத்தாதவங்களும் இருந்திருப்பாங்க, இல்ல?"

"தெரியாது பாய்," என்றேன். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்கும் பயமாக இருந்தது.